காஸ்ட்ராட்டோ வேடத்தை இன்று யாரிடம் கொடுப்பது? இத்தாலிய ஓபரா மேடையேற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹாண்டல் இசையமைத்த இத்தாலிய ஓபரா ‘ஜூலியோ சேசரே’ (ஜூலியஸ் சீசர்) 1724 பிப்ரவரி 20 அன்று லண்டன் ஹேமார்க்கெட்டில் உள்ள கிங்ஸ் தியேட்டரில் அரங்கேறியது. சீசராகப் பாடியவர் செனெசினோ. எதிரி டோலமேயோவாக கயேத்தானோ பெரென்ஷ்டாட், நிரேனோவாக ஜுசெப்பே பிகோன்ஸி. மூவரும் காஸ்ட்ராட்டோக்கள், அதாவது சிறுவயதிலேயே விரையறுப்பு செய்யப்பட்டதால் உயர்ந்த குரல் உடையாமல் நின்ற ஆண் பாடகர்கள். இதே ஓபராவை இன்று கையில் எடுப்பவர் பதில் கண்டாக வேண்டிய முதல் கேள்வி, இந்த மூன்று வேடங்களையும் யாரிடம் கொடுப்பது என்பதுதான். ஆண் வேடம்தானே என்று பாரிட்டோனிடம் (நடுத்தர ஆண் குரல்) கொடுத்துவிட்டால், ஒத்திகையின் முதல் நாளே இசை கனத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குக் காரணம் பாடகர் இல்லை, எடுத்த முடிவு.

அந்தக் குரல் எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அதற்கு எது ஈடாகும் என்று சொல்ல முடியும். குரல் உடையும் பருவத்துக்கு முன்பே சிறுவர்களுக்கு விரையறுப்பு செய்துவிடுவார்கள். ஆண் ஹார்மோன் சுரக்காததால் குரல்வளை வளராது, குரல் நாண்கள் குட்டையாகவே இருக்கும். ஆனால் உடல் வளரும். எலும்பு முனைகள் மூடத் தாமதமாவதால் கைகால் நீண்டு, மார்புக்கூடும் பெரிதாகும். சிறுவனின் குரல் நாண்களுக்கு வளர்ந்த ஆளின் நுரையீரல் காற்று கொடுக்கும். அதன்மேல் பல ஆண்டுக் கடும் பயிற்சி. நேப்பிள்ஸில் மட்டும் இதற்குப் பெயர்போன நான்கு கன்சர்வேட்டரிகள் இருந்தன. குழந்தைகளுக்குச் செய்த கொடுமை இது. அப்படி வெட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரிய மேடையை எட்டவே இல்லை. நிகழ்ச்சிக் கையேட்டில் இதை மறைக்காமல் எழுதுங்கள். புகழ்மாலை மட்டும் போதாது.

மேடையில் நமக்கு இதிலிருந்து கிடைக்கும் தகவல் மூன்று: உயர்ந்த ஸ்தாயி, நீண்ட மூச்சு, அதைத் தாங்கும் பலம். இன்று ஒரே தொண்டையில் இந்த மூன்றும் முழுதாகச் சேர்வது அரிது. எந்த வேடத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முடிவெடுப்பதுதான் வேலை.

யாருக்காக எழுதியது என்று முதலில் பாருங்கள்

அந்தக் காலத்தில் தையற்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோலத்தான் இசையமைப்பாளர்கள் எழுதினார்கள். ‘ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோ’ (தாழ்ந்த பெண் குரலின் உயரத்தில் பாடுபவர்) என்ற பொது வகைக்கு யாரும் எழுதவில்லை. செனெசினோவுக்கு எழுதினார்கள், கரெஸ்டினிக்கு எழுதினார்கள். ஆகவே அரங்கேற்ற நடிகர் பட்டியலைத் தேடி எடுப்பதுதான் முதல் படி.

தேடும்போது ஒன்று தெரியவரும்: ஆண் வேடமெல்லாம் காஸ்ட்ராட்டோ வேடம் இல்லை. ‘ஜூலியோ சேசரே’யில் சிறுவன் செஸ்டோவைப் பாடியது மார்கெரிட்டா துராஸ்தாந்தி என்ற பெண். 1711இல் ‘ரினால்டோ’ அரங்கேறியபோது நாயகன் ரினால்டோ காஸ்ட்ராட்டோ நிக்கோலினி. ஆனால் படைத்தலைவர் கோஃப்ரெடோவாகப் பாடியவர் பிரான்செஸ்கா வானினி-போஸ்கி. ‘அரியோதாந்தே’யின் வில்லன் பொலினெஸ்ஸோவும் முதலில் பெண் குரல்தான். ரோமில் நிலைமை தலைகீழ். போப்பின் ஆட்சியில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால் பெண் வேடங்களையும் காஸ்ட்ராட்டோக்களே பாடினார்கள். 1730இல் அங்கே அரங்கேறிய வின்சியின் ‘அர்தாசெர்சே’யில் மேடையில் ஒரு பெண்கூட இல்லை, 2012இல் பிரான்ஸின் நான்சியில் அதை ஐந்து கவுன்டர்டெனர்களை (தலைக்குரலில் உயரப் பாடும் ஆண் பாடகர்கள்) வைத்து மேடையேற்றினார்கள்.

இன்னொரு பயனுள்ள சான்று ‘ரடமிஸ்டோ’. 1720 ஏப்ரலில் நாயகன் ரடமிஸ்டோவாகப் பாடியவர் துராஸ்தாந்தி. அதே ஆண்டு டிசம்பரில் செனெசினோ வந்து சேர்ந்ததும் ஹாண்டல் அந்த வேடத்தை அவர் குரலுக்குத் திருத்தி எழுதி, துராஸ்தாந்தியை நாயகி ஜெனோபியாவாக மாற்றினார். காஸ்ட்ராட்டோ இல்லையென்றால் பெண் குரல் என்பது அவருக்கு இயல்பான முடிவு. ‘பெண் பாடினால் அசலாக இருக்காது’ என்று யாராவது சொன்னால் இந்தச் சான்றைக் காட்டுங்கள்.

வேடத்தை அளந்து பாருங்கள்

மிக உயர்ந்த சுரம், மிகத் தாழ்ந்த சுரம் இரண்டையும் குறித்துக்கொண்டு ஆள் தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு. குரல் எந்த இடத்தில் அதிக நேரம் குடியிருக்கிறது என்பதுதான் களைப்பைத் தீர்மானிக்கும். (பியானோவின் நடு சியைச் சி4 என்று வைத்துக்கொள்கிறேன்.) செனெசினோவின் வேடங்கள் ஏறத்தாழ ஜி3 முதல் ஈ5, எஃப்5 வரை நடமாடுபவை. ஃபரினெல்லியின் குரல் 1726இல் ஏ3 முதல் டி6 வரை சென்றதாக அவரை நேரில் கேட்ட இசைக்கலைஞர் குவான்ட்ஸ் எழுதிவைத்தார். இரண்டு பேரும் காஸ்ட்ராட்டோதான். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவரின் இடத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் வேடமும் கெடும், பாடகரும் கெடுவார்.

ஒவ்வொரு ஆரியாவையும் (தனிப்பாடல்) எடுத்து, அடிகளை எண்ணி, மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: எஃப்4க்குக் கீழே எத்தனை அடி, எஃப்4 முதல் சி5 வரை எத்தனை, அதற்கு மேலே எத்தனை. ஒரு மணி நேர வேலைதான். கவுன்டர்டெனருக்கு டி4க்கும் எஃப்4க்கும் நடுவில்தான் தலைக்குரலும் மார்புக்குரலும் மாறும் படிக்கட்டு இருக்கிறது. ஓர் ஆரியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் படிக்கட்டிலும் அதற்குக் கீழும் கிடந்தால், அதை வாத்தியக்குழுவைத் தாண்டிக் கேட்கச் செய்வது கடினம். அங்கே தாழ்குரல் வலுவான மெஸ்ஸோவோ (நடுத்தரப் பெண் குரல்) கான்ட்ரால்ட்டோவோ (தாழ்ந்த பெண் குரல்) பொருத்தமாக இருப்பார். மேல்பகுதியில் நீண்ட நேரம் தங்கும் வேடமென்றால் மெஸ்ஸோவோ சொப்ரானோவோ (உயர்ந்த பெண் குரல்) நல்லது. மோட்சார்ட்டின் ‘லா கிளெமென்ஸா டி டிட்டோ’வில் செஸ்டோ இதற்கு எடுத்துக்காட்டு. 1791இல் பிராகில் அதைப் பாடியவர் சொப்ரானோ காஸ்ட்ராட்டோ தொமெனிக்கோ பெதினி. கவுன்டர்டெனர்கள் சிலர் அதைப் பாடிக் காட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது வாய்க்காது.

குரல் தேர்வில் ஒரே ஒரு ஆரியாவைப் பாடச்சொல்லி முடிவெடுக்காதீர்கள். ஹாண்டலின் ‘செர்சே’யில் ‘ஓம்ப்ரா மாய் ஃபு’வை அழகாகப் பாடுபவர் அதே வேடத்தின் ‘க்ரூடே ஃபூரியே’யில் நின்றுவிடலாம். மெதுவான ஆரியா ஒன்று, ஓட்டமுள்ள ஆரியா ஒன்று, ஒரு பக்கம் ரெசிடடீவ் (பேச்சுபோல் பாடும் பகுதி), இந்த மூன்றையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

சுருதியை முடிவு செய்துவிட்டு ஆளைத் தேடுங்கள்

பழைய சுருதி ஊருக்கு ஊர் வேறு. ரோமில் தாழ்ந்திருந்தது, வெனிஸில் உயர்ந்திருந்தது. ஹாண்டலுடையது என்று சொல்லப்படும் 1751ஆம் ஆண்டின் சுருதிக்கவை 422.5 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. இன்று பரோக் குழுக்கள் (அக்கால இசையை அக்கால முறையில் வாசிப்பவை) வசதிக்காக 415 வைத்துக்கொள்கின்றன. 440ஐவிட அது அரைச்சுரம் கீழே. 392 என்றால் முழுச்சுரம் கீழே.

குறைந்த சுருதி எல்லாருக்கும் சுகம் என்று நினைப்பது சரியில்லை. 415இல் எழுதப்பட்ட ஈ5 எளிதாகும், ஆனால் ஜி3 அரைச்சுரம் இறங்கி மார்புக்குரலுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும். சீசர் வேடத்துக்கு வரும் கவுன்டர்டெனரின் சிரமம் பெரும்பாலும் கீழேதான். அவருக்கு 440 உதவியாக இருக்கும் இடங்கள் உண்டு.

ஸ்தாயியை இறக்காதீர்கள்

1920களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹாண்டல் ஓபராக்களுக்கு மறுவாழ்வு கொடுத்தபோது காஸ்ட்ராட்டோ வேடங்களை ஒரு ஸ்தாயி இறக்கி ஆழ்ந்த ஆண் குரல்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் நெடுநாள் நீடித்தது. 1966இல் நியூயார்க் சிட்டி ஓபராவில்கூட சீசராகப் பாடியவர் பாஸ்-பாரிட்டோன் நார்மன் ட்ரைகிள். அந்த முயற்சிகள் இல்லாவிட்டால் இந்த இசை அலமாரியிலேயே கிடந்திருக்கும், அந்த நன்றி அவர்களுக்கு உண்டு. என்றாலும் இன்று அந்த வழியில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதில் என்ன கெடுகிறது என்பதை இசைப்பிரதியிலேயே விரல் வைத்துக் காட்டலாம்.

ஒன்று, அடிநாதம், அதாவது மற்ற சுரங்களைக் கீழிருந்து தாங்கும் சுரம். சீசரின் ஜி3 இறங்கினால் ஜி2. செல்லோ வாசிக்கும் இடம் அது. பாடகரின் சுரம் செல்லோவுக்குக் கீழே விழுந்துவிட்டால் கேட்பவர் காதுக்கு அதுவே அடிநாதம். அவர் அங்கே பாடுவது ஐந்தாம் சுரமாக இருந்தால், உறுதியாக நிற்க வேண்டிய கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) ஐந்தாம் சுரம் அடியில் வரும் 6-4 நிலைக்குப் புரண்டு, முடியாத வாக்கியம்போல் தொங்கும். இரண்டு, ஜோடிப் பாடல். கடைசிக் காட்சியின் ‘காரோ, பெல்லா’வில் சீசரும் கிளியோபாட்ராவும் உரசிக்கொண்டு போகும் மூன்றாம் சுர இடைவெளிகள் பத்தாக விரிந்துவிடும். காதலர்கள் அறையின் இரு மூலையில் நின்று பாடுவதுபோல் ஆகிவிடும். மூன்று, வயலின். குரலோடு ஒரே சுரத்தில் வயலின்கள் போகும் இடங்களில் அந்தப் பளபளப்பு போய், மேலே வயலின், கீழே முணுமுணுப்பு என்று பிரிந்துவிடும்.

நான்காவதாக அர்த்தமும் கெடும். அந்த ஓபராக்களில் உயர்ந்த குரல் என்றால் இளமை, வீரம், காதல். தாழ்ந்த குரல் என்றால் தந்தை, தளபதி, முதிய மன்னன். அகில்லா என்ற முரட்டுத் தளபதிக்குத்தான் ஹாண்டல் பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஆண் குரல் வைத்தார். சீசரும் பாஸ் ஆகிவிட்டால் இருவரையும் பிரித்துக்காட்ட இசையில் ஒன்றும் மிஞ்சாது.

டெனர் (உயர்ந்த ஆண் குரல்) மட்டுமே கைவசம் இருக்கிறாரா? அப்போது இசையமைப்பாளரே டெனருக்கு மாற்றியெழுதிய வடிவத்தைத் தேடுங்கள். ‘இதோமெனேயோ’வில் இதமாந்தே 1781இல் மியூனிக்கில் காஸ்ட்ராட்டோ தால் பிராட்டோவுக்கு எழுதியது, 1786 வியன்னா நிகழ்ச்சிக்காக மோட்சார்ட் அதை டெனருக்கு மாற்றினார். ‘ஜூலியோ சேசரே’யின் செஸ்டோவையும் 1725இல் டெனர் பொரோசினிக்காக ஹாண்டல் திருத்தினார். க்ளூக்கின் ‘ஓர்ஃபியோ’வுக்கு வடிவங்கள் ஏராளம்: 1762 வியன்னாவில் ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோ குவாதாஞ்ஞி, 1769 பார்மாவில் சொப்ரானோ காஸ்ட்ராட்டோ மில்லிக்கோ, 1774 பாரிஸில் உயர் டெனர் லெக்ரோ, 1859இல் பாடகி போலின் வியார்தோவுக்காக இசையமைப்பாளர் பெர்லியோஸ் அமைத்த வடிவம். 1774 வடிவத்தை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றைய பாரிஸ் சுருதி தாழ்ந்தது. 440இல் வைத்தால் டெனரின் தொண்டை கிழியும்.

ஸ்கேலைச் சற்று இறக்குவது வேறு விஷயம். அரைச்சுரம், முழுச்சுரம் மாற்றுவதை அந்தக் காலத்தவரே தாராளமாகச் செய்தார்கள். மாற்றுமுன் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். வயலினின் கடைசித் தந்தி ஜி3. இசையில் ஏற்கெனவே அந்தச் சுரம் வந்தால் இறக்க இடமில்லை. வால்வு இல்லாத ஹார்னும் டிரம்பெட்டும் ஒரு ஸ்கேலுக்குக் கட்டுப்பட்டவை. சீசரின் ‘வா தாச்சித்தோ’ எஃப் மேஜரில் ஹார்னோடு கைகோத்துப் போகிறது, அதை அசைக்காதீர்கள். கடைசியாக, ஆரியாவுக்கு முந்தைய ரெசிடடீவின் முடிவுக் கார்டுகளைப் புதிய ஸ்கேலுக்குத் திருப்பி எழுதுங்கள். இதை மறந்தால் ஆரியா கதவில் முட்டிக்கொண்டு நுழைவதுபோல் இருக்கும்.

ஒத்திகையில் செய்ய வேண்டியவை

மூச்சுதான் பெரிய தலைவலி. காஸ்ட்ராட்டோவுக்கு ஒரே மூச்சில் முடிந்த ஓட்டம் மற்றவர்களுக்கு முடியாமல் போகலாம். அதற்காக ஆரியாவின் வேகத்தைக் கூட்டினால் ஓட்டத்தில் சுரங்கள் அழிந்துவிடும். குறைத்தால் மூச்சு இன்னும் போதாது. வலுவான அடியில் விழும் சுரத்தைப் பாடிவிட்டு, அதற்கு அடுத்த சுரத்தை மட்டும் விட்டு, அந்த இடைவெளியில் மூச்செடுங்கள். ஒரு சுரம் விடுபட்டதைக் காது பெரும்பாலும் கவனிக்காது, தாளம் நொண்டினால் உடனே கவனிக்கும். மீண்டும் தொடங்கும்போது அதே உயிரெழுத்தில் தொடங்க வேண்டும். சொல்லை உடைத்துப் புது அசையில் தொடங்கினால் பொருள் சிதையும். மூச்சிடங்களை முதல் ஒத்திகைக்கு முன்பே பென்சிலால் குறித்து, வாத்தியக்குழுத் தலைவருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ‘மெஸ்ஸா டி வோச்சே’: ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, வீங்கவைத்து, மறுபடி மெலியவைப்பது. காஸ்ட்ராட்டோவின் முத்திரை என்றே இதைச் சொல்லலாம். ‘ஓம்ப்ரா மாய் ஃபு’வில் குரல் நுழையும் நீண்ட சுரம் இதற்காகவே காத்திருக்கிறது. நான்கு எண்ணிக்கை ஏற்றம், நான்கு எண்ணிக்கை இறக்கம் என்று தொடங்கி, வாரத்துக்கு ஓர் எண்ணிக்கை கூட்டுங்கள். ஏறும்போது காற்றழுத்தம் கூடுவதால் சுருதி மேலே நழுவும். இறங்கும்போது ஆதரவு தளர்ந்து கீழே நழுவும். தம்பூராபோல் நிலையான ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டுப் பயிலுங்கள், தவறு உடனே பிடிபடும். கவுன்டர்டெனர்களுக்கு நுனியில், அதாவது மிக மெல்லிய தொடக்கத்தில், காற்று மட்டும் வந்து ஒலி தாமதிப்பது வழக்கமான குறை. மெல்லிதாகத் தொடங்குவதை ஒத்திவைத்து, நடுத்தர அளவில் தொடங்கிப் பழகியபின் குறைத்துக்கொண்டே வருவது நல்லது.

கவுன்டர்டெனர் கீழே இறங்கும்போது குரல் ‘டக்’கென்று மாறினால் அரங்கில் சிரிப்பு எழும், வீரன் கோமாளியாகிவிடுவான். பயிற்சியை மேலிருந்து கீழே செய்யுங்கள்: ஏ4இல் தொடங்கி ஒவ்வொரு சுரமாக இறங்கி, தலைக்குரலை முடிந்தவரை டி4 வரை கொண்டுவந்து, பிறகே மார்புக்குரலைக் கலக்க வேண்டும். கீழிருந்து மேலே ஏறிப் பழகினால் மார்புக்குரலின் கனம் மேலேயும் ஒட்டிக்கொள்ளும். குரல் தாழும் பத்திகளில் வயலின்களைப் பகுதிக்கு ஒருவர், இருவராகக் குறையுங்கள்.

டா கபோ: காஸ்ட்ராட்டோவின் சொந்த நிலம்

டா கபோ ஆரியா மூன்று பகுதி: முதற்பகுதி, நடுப்பகுதி, முதற்பகுதி மறுபடியும். பாடகரின் கற்பனைக்கு அந்த மறுபடிதான் இடம். 1723இல் வெளிவந்த தன் நூலில், தானும் காஸ்ட்ராட்டோவான தோசி ஒழுங்கைச் சொல்லிவிட்டார்: முதல்முறை எளிய அணிகள் சில, நடுவில் இன்னும் கொஞ்சம், திரும்பிவரும்போது முன்னதைவிட மேலாக்கிக் காட்ட வேண்டும். முதல்முறையே எல்லாவற்றையும் கொட்டிவிடுவது இன்றும் நடக்கும் பிழை. கேட்பவருக்கு மெட்டு பதியாவிட்டால் மாற்றம் மாற்றமாகத் தெரியாது.

அலங்காரம் எழுதும்போது வாக்கியத்தின் முதல் சில சுரங்களைத் தொடாதீர்கள், அடையாளம் அதில்தான் இருக்கிறது. தாவல் வரும் இடங்களைச் சுரங்களால் நிரப்புவது, நீண்ட கார்வைகளை உடைப்பது, முடிவுக்கு முந்தைய அளவில் (தாளச் சுற்றில்) துணிவது என்று போகலாம். இரண்டு அளவு அலங்காரம், ஓர் அளவு ஓய்வு என்ற விகிதம் பெரும்பாலும் பொருந்தும். அடிநாதத்தோடு ஒவ்வொரு வலுவான அடியிலும் ஒத்துப்போகிறதா என்று ஹார்ப்சிகார்டில் வாசித்துப் பாருங்கள். செனெசினோவுக்கு எழுதிய வரியில் திடீரென்று பி5க்குத் தாவினால் வேறொரு ஆள் புகுந்து பாடியதுபோல் இருக்கும். வேடத்தின் எல்லையை ஒரு மூன்றாம் சுரத்துக்கு மேல் தாண்டாதீர்கள். மாதிரி வேண்டுமென்றால் ‘ஒத்தோனே’ ஆரியாக்கள் சிலவற்றுக்கு ஹாண்டல் தன் கையால் எழுதிய அலங்காரங்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு அடக்கமாக இருக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஆரியாவின் முடிவில் பாடகர் தானே சேர்க்கும் தனி அலங்காரமான கடென்ஸா ஒரே மூச்சுக்குள் முடிய வேண்டும். எட்டுப் பத்து விநாடி தாராளம். ‘ஆ’, ‘ஓ’ ஒலியுள்ள அசையில் வையுங்கள். ‘ஈ’, ‘ஊ’வில் ஓட்டம் இறுகிவிடும்.

நேரம் மிச்சம்பிடிக்க டா கபோவை வெட்டி, முதற்பகுதியோடு நிறுத்துவார்கள் சிலர். இது வேண்டவே வேண்டாம். சீசருக்கு எட்டு ஆரியா, கிளியோபாட்ராவுக்கும் எட்டு; முதல் நாயகன், முதல் நாயகி என்ற படிநிலையை இந்த எண்ணிக்கையே காட்டுகிறது. குறைத்தே ஆக வேண்டுமென்றால் துணைப் பாத்திரம் ஒன்றின் ஆரியாவை முழுதாக எடுத்துவிடுங்கள்.

மேடையில்

உயர்ந்த குரலுக்கு விளக்கம் தேடி நாயகனைப் பெண்மையாகவோ வேடிக்கையாகவோ காட்டாதீர்கள். அன்றைய பார்வையாளருக்கு அது படைத்தலைவனின் குரல். இன்றைய காது பழகச் சில நிமிடங்கள் ஆகும். சீசரின் முதல் ஆரியா ‘ப்ரெஸ்தி ஓமாய்’ வெற்றி முழக்கத்தோடு வருவது அதற்கு உதவும். அதை வெட்டிவிட்டு நேராகக் கோப ஆரியாவான ‘எம்பியோ, திரோ’வுக்குப் போனால் பழகும் வாய்ப்பே கிடைக்காது.

பாடகருக்கு மாதிரியாக ஒலிப்பதிவு தரும்போது கவனம் தேவை. 1902, 1904 ஆண்டுகளில் பதிவான அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கியின் குரல் வரலாற்றுச் செல்வம்; காஸ்ட்ராட்டோ ஒருவரின் தனிக்குரல் பதிவாக நமக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ஆனால் அவர் சிஸ்டைன் சேப்பலின் பாடகர், ஓபராக்காரர் அல்ல. அவர் வளர்ந்த பாணி 19ஆம் நூற்றாண்டின் தேவாலயப் பாணி. ஓபரா மேடையின் கடைசிப் பெரிய காஸ்ட்ராட்டோவான வெல்லூத்திக்காக மெயர்பீர் ‘இல் க்ரோச்சியாத்தோ இன் எஜித்தோ’வை எழுதியது 1824இல், மொரெஸ்கி பிறந்தது 1858இல். அவரைக் கேட்டு ஹாண்டல் பாட முயல்பவர்கள் ஒவ்வொரு சுரத்தின் முன்னும் ஒரு விம்மலைச் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். அது வந்துவிட்டால் ஓட்டமான ஆரியாக்கள் ஓடாது. முதல் வாரத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.